இரண்டு வலது கைகள்

காலையில் கூட்டுவதற்கு முன்னால் அவள் காந்தத்தை எடுப்பாள். குதிரை லாடம் மாதிரி வளைந்த பழைய காந்தம். அதன் கழுத்தில் ஒரு நாடா கட்டியிருக்கும். நாய்க்குட்டியை நடக்கக் கூட்டிப் போவதுபோல அதை இழுத்துக்கொண்டு தையல் மிஷின்களின் காலடி, மேஜைக்கு அடி, கதவிடுக்கு என்று கூடம் முழுக்க ஒரு சுற்று வருவாள். குண்டூசிகளும் ஒடிந்த மிஷின் ஊசிகளும் எங்கெங்கிருந்தோ ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் துடைப்பம். இரண்டு மாதமாகக் காந்தத்தில் ஊசிகளோடு ஆணியும் திருகாணியும் சேர்ந்து வருகின்றன. துடைப்பத்தில் நூல் பிசிறோடு மரத்தூள் வருகிறது. "என் வீட்டுக் குப்பையைப் பார்த்தா எனக்கே நான் யாருன்னு சந்தேகமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அள்ளிக் கொட்டுவாள்.

தெருவில் அவளுக்கு அரை இஞ்சக்கா என்று பெயர். பள்ளிச் சீருடையோ, கவுனோ, ஜன்னல் திரையோ, எதைத் தைத்தாலும் உள்ளே அரை இஞ்சு துணி கூடுதலாக மடித்துப் பிடித்துவிடுவாள். பிள்ளைகள் வளரும், பெரியவர்கள் பெருப்பார்கள், அப்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம். "மனுஷ உடம்பு ஒரே மாதிரி இருக்கும்னு நம்பி யாராச்சும் தைப்பாங்களா?" என்பாள். வயது ஐம்பத்து நான்கு. கழுத்தில் அளவு நாடா தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. ஒருமுறை அதோடேயே பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பல்லுக்கும்மா அளவு எடுக்கணும்?" என்று அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பேசும்போது பாதி நேரம் உதட்டில் குண்டூசி இருக்கும். அப்போது அவள் வாயில் பகரமும் மகரமும் வராது. பழகியவர்களுக்குப் புரியும்.

கூடத்தில் இரண்டு மிஷின்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஜன்னலோரமாக வெளிச்சம் விழும் இடத்தில் இருப்பது தங்கையுடையது. மூன்று வருஷமாக அது உறைக்குள் இருக்கிறது. உறையைத் தைத்ததும் இவள்தான், ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து. அதற்கு மேலே சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கத்தரி. இடது கைக் கத்தரி. தங்கை இடது கைக்காரி. மாதம் ஒரு தடவை அதை இறக்கி, எண்ணெய் விட்டு, துடைத்து மாட்டுவாள். அந்தக் கத்தரியை வைத்து அவளால் ஒரு நூலைக்கூட ஒழுங்காக வெட்ட முடியாது.

இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மிஷின் மிதித்தார்கள். கல்யாணப் பேச்சு இருவருக்கும் வந்தது, போனது, பிறகு வழி மறந்துபோனது மாதிரி வராமலே இருந்துவிட்டது. இனி இப்படித்தான் என்று அக்கா நிம்மதியாக இருந்த நேரத்தில், கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் பேண்ட் உயரம் குறைக்க வந்தார். அதே பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு தடவை வந்தார். "நாலு தடவை குறைச்சா அது அரை டிரவுசர்தான் ஆகும்னு எனக்கு உறைச்சிருக்க வேண்டாமா? மக்கு மாதிரி நானே ஒவ்வொரு தடவையும் காப்பி போட்டுக் கொடுத்தேன்" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயதில் தங்கை கல்யாணம் முடித்து ரயிலேறிப் போனாள். ஆறு மணி நேரத் தொலைவு. மாப்பிள்ளை தங்கமான மனிதர். அக்காவுக்கு அதுவும் ஒரு குறை. "திட்டிக்கிறதுக்கு ஒரு காரணமாவது வச்சுக் கொடுத்தாரா, பாவி மனுஷன்!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை போன் பண்ணுவாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, குரல் கொஞ்சம் அமுங்கி வந்தது.

"முதுகு பிடிச்சுக்கிச்சுக்கா. நிமிர்ந்து உட்காரவே கூடாதுன்னுட்டார் டாக்டர். சாஞ்சு உட்கார்ந்தாத்தான் சுகமா இருக்கு. அதுக்கேத்த மாதிரி இங்க ஒரு நாற்காலி இல்ல. கொஞ்சம் தேறினதும் அங்க வந்து ஒரு பத்து நாள் இருக்கலாம்னு பார்க்கறேன்."

முதுகு, டாக்டர், பத்து நாள் எல்லாம் அக்கா காதில் விழத்தான் செய்தன. ஆனால் போனை வைத்த பிறகு மிச்சம் நின்றது ஒன்றுதான்: அங்கே இல்லை. தங்கை போய்ச் சேர்ந்த வீட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. அது இங்கே இருந்துவிட்டால் பத்து நாள் பதினைந்தாகலாம். பதினைந்து ஒரு மாதமாகலாம். முதுகு வலி என்ன, அவ்வளவு சீக்கிரமா போய்விடுகிறது? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் கேட்டால் சொல்வாள்.

கடையில் செய்து வைத்த நாற்காலி வாங்கலாமே என்று கீழ்வீட்டு நர்ஸ் சொன்னாள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரெடிமேடா? அது யாருக்குன்னும் செஞ்சதில்லடி. அதனாலதான் எல்லாருக்கும் சுமாரா இருக்கு."

அலமாரியிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். தங்கையின் பக்கம் பன்னிரண்டு வயதில் தொடங்குகிறது. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். அடித்து அடித்து மேலே எழுதிய எண்கள். கடைசி வரி கல்யாணத்துக்கு முந்தின வாரம். ஆனால் நாற்காலிக்கு வேண்டிய ஒரு கணக்கும் அதில் இல்லை. முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு? உட்கார்ந்தால் தொடை எவ்வளவு நீளும்? முழங்கையை மடக்கி வைத்தால் எங்கே வந்து நிற்கும்? பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷம் எல்லாரையும் நிக்க வச்சேதான் அளந்திருக்கேன். உட்கார்ந்தா யார் எவ்வளவுன்னு எனக்குத் தெரியவே இல்ல பாரு."

நர்ஸுக்குத் தங்கையின் உடம்பு வாகு. இரவுப் பணி முடிந்து வாசலில் நுழைந்தவளைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்து, பழைய பத்திரிகைக் கட்டுகளின் மேல் உட்கார வைத்தாள்.

"அக்கா, நான் தூங்கிடுவேன். அப்புறம் தூக்கிட்டுப் போக ஆள் தேடணும்."

"தூங்கு. தூங்குறவளுக்கும் சேர்த்துத்தான் அளவு வேணும். முதுகைச் சாய்."

"எதுல சாய? பின்னாடி காத்துதான் இருக்கு."

அக்கா பின்னால் போய் நின்று தன் வயிற்றை அண்டக் கொடுத்தாள். நர்ஸ் சாய்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்த இடத்தில் அவள் மூச்சு இறங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டாள். மூன்று கோடுகள். பேச ஒன்று, படிக்க ஒன்று, தூங்க ஒன்று.

கண்ணை மூடியபடியே நர்ஸ் கேட்டாள்: "மூணு வருஷம் ஆச்சேக்கா. அவங்க இன்னும் என் சைஸ்லயேவா இருப்பாங்க?"

"இளைச்சிருப்பா. உடம்பு முடியாதவ இல்லையா?" சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கும் அரை இஞ்சு விட்டு வைக்கிறேன்" என்றாள்.

முதலில் நாற்காலியைப் பழுப்புத் தாளில் வெட்டினாள். கால், கை, முதுகுச் சட்டம், உட்காரும் பலகை எல்லாம் கூடத்துச் சுவரில் குண்டூசியில் தொங்கின. ஒரு வாரம் அவற்றின் நடுவே சீருடைகள் தைத்தாள். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் அரை இஞ்சு ஜாஸ்தி போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"உள்ள பிடிக்க."

"எதுக்குள்ள?"

மரத்தை எதற்குள்ளும் மடித்துப் பிடிக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தப்பை ஒத்துக்கொள்வதில் அவளுக்குச் சங்கடமே கிடையாது, ஆனால் எழுதின அளவை மாற்றுவதில் உண்டு. "எல்லாத்துலயும் ஒரே மாதிரி கூடினா ஒண்ணும் கோணாதுல்ல? அப்படியே அறுத்துக் கொடுங்கண்ணா" என்றாள். நாற்காலி ஓர் இஞ்சு அகலமாகிப்போனது அப்படித்தான்.

வேலை அவள் வழியிலேயே நடந்தது. பலகையில் கோடு போட்டது தையல் சாக்கட்டி. திருகாணி முடுக்குவதற்கு முன்னால் மூட்டுகளைக் கயிற்றால் கட்டி நிற்க வைத்துப் பார்த்தாள். "முதல்ல ஓட்டுத் தையல், அப்புறம்தான் மிஷின்." ஒரு வாரம் ரம்பம் கோட்டை விட்டு விலகி ஓடியது, பிறகு கால் மிஷினை மிதிக்கும் தாளம் கைக்கு ஏறிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடங்களைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். துணியையும் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். நர்ஸ் ஒருநாள் சிராய் எடுத்துவிட வேண்டியிருந்தது, கன்னத்திலிருந்து. "கைல, கால்ல குத்திட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். மரத்துக்கு முத்தம் கொடுத்துட்டு வர்ற முதல் ஆள் நீங்கதான்."

சூட்சுமமெல்லாம் கைப்பிடிகளில் இருந்தது. முதுகுச் சட்டம் கீலில் ஆடும். அதன் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை, கட்டை உட்கார ஒவ்வொரு கைப்பிடியின் பின்பாதியிலும் மூன்று வெட்டுகள். கட்டையை எந்த வெட்டில் போடுகிறோமோ அந்த அளவுக்கு முதுகு சாயும். கைப்பிடியின் முன்பக்கம் அகலமாக, வெளிப்புறம் மட்டும் வளைந்து, மேல்விளிம்பு உருட்டலாக இருக்க வேண்டும். இரண்டையும் நான்கு நாள் உட்கார்ந்து செய்தாள். வளைவு எடுத்து, விளிம்பு உருட்டி, மூன்று மூன்று வெட்டுகளும் போட்டு, ஐந்தாம் நாள் நாற்காலியின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். வலது பக்கத்தில் அழகாகப் பொருந்தியது. இடது பக்கத்தில் வளைவு உள்பக்கம் பார்த்தது. புரட்டிப் போட்டால் வெட்டுகள் தரையைப் பார்த்தன.

இரண்டுமே வலது கை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரு தடவை வெட்டினால் போதும், ஒன்று வலதாகவும் ஒன்று இடதாகவும் ஜோடி சேர்ந்து வரும். இத்தனை வருஷமாக அவள் ஒரு கையைத்தான் வெட்டியிருக்கிறாள், மற்றது தானாக வந்திருக்கிறது. பலகையை மடிக்க முடியாது.

சத்தம் கேட்காமல் போனதால் நர்ஸ் மாடியேறி வந்து பார்த்தாள். அக்கா இரண்டு கைப்பிடிகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ இடது கைக்காரிடி" என்றாள், வேறொன்றும் சொல்லத் தெரியாதவள்போல. "இடது கைக்காரிக்கு ரெண்டு வலது கை செஞ்சு வச்சிருக்கேன்."

நர்ஸ் சிரிக்கலாமா என்று பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் மரக்கடைக்காரரே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி நின்ற நாற்காலியைச் சுற்றி வந்து, ஆட்டிப் பார்த்து, "பரவாயில்லம்மா, நல்லாவே வந்திருக்கு. திருகாணி மட்டும் போதாது. மூட்டுக்குப் பசை போட்டு மர முளை அடிச்சிடுங்க, ஆயுசுக்கும் ஆடாது. ஆனா ஒண்ணு, அப்புறம் பிரிக்க முடியாது" என்றார்.

"பிரிக்க வேண்டாம்."

எதையும் பிரிக்கிற மாதிரியே தைத்து வந்தவள் அவள். சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் அந்நியமாக ஒலித்தது.

கடைக்காரர் போகும்போது வாசற்படியில் நின்று, நாற்காலியையும் கதவு நிலையையும் மாறி மாறிப் பார்த்தார். "கூடத்துலயே வச்சு மூட்டெல்லாம் பூட்டுறீங்களே, நிலையை அளந்தீங்களா? வெளிய எடுக்கணும்னா எப்படி?"

"அது எதுக்குண்ணா வெளிய போகணும்?" என்றாள்.

புது இடது கையை எட்டு நாளில் செய்தாள். அதன் அகலமான முன்பக்கத்தில், உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, காப்பி டம்ளர் உட்காரும் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் எடுத்தாள். வலதில் அது இல்லை. மிஞ்சிப்போன வலது கையை வீணாக்கவில்லை. துணி சுற்றி, சட்டைக் கை இஸ்திரி போட வைத்துக்கொண்டாள். கரும்பச்சைத் துணியில் மெத்தை தைத்துப் போட்டதும் நாற்காலி முடிந்தது. அவள் அதில் உட்காரவில்லை. வாடிக்கைக்காரர்களின் துணியை அவள் என்றைக்கும் போட்டுப் பார்த்ததில்லை. போகும்போதும் வரும்போதும் மெத்தையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவாள், அது மெல்ல மேலே எழும்பி வருவதைப் பார்ப்பாள்.

தங்கை வாடகைக் காரிலிருந்து இறங்கியபோது அக்கா மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். கண்ணாலேயே அளந்துவிட்டாள். அது அவள் தொழில், வேண்டாமென்றாலும் நடக்கும். இடுப்பில் இரண்டு இஞ்சு கூடுதல். மேல் கையில் ஒன்றரை. கன்னத்துக்கு நாடா வேண்டாம். மூன்று வருஷமாக அவள் மனசில் இருந்த தங்கை ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து வந்திருந்தாள். கீழே பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவளை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, போதும் போதும் என்றாலும் விடாமல், நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"குண்டாயிட்டேன் இல்லக்கா?"

"அரை இஞ்சு."

"பொய்!" என்று கட்டிக்கொண்டாள். பிறகு அக்காவின் தோளுக்கு மேலாக நாற்காலியைப் பார்த்தாள். "இது யார் செஞ்சதுக்கா?"

"நான்தான் தைச்சேன்."

தங்கை முதுகைப் பிடித்துக்கொண்டு பதமாக உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இடிக்கவில்லை. இறுக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. கூடிப்போன அந்த ஓர் இஞ்சு அவளுக்காகவே விட்டு வைத்தது மாதிரி இருந்தது. அக்கா பின்னால் போய்க் கட்டையை மூன்றாவது வெட்டில் போட்டதும் "அம்மாடி" என்று தங்கை ஒரு மூச்சு விட்டாள். அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தங்கை வாங்கி, ஒரு வாய் குடித்து, பேசிக்கொண்டே இடது கையைத் தாழ்த்தி, பார்க்காமலே டம்ளரைப் பள்ளத்தில் வைத்தாள். வைத்தது அவளுக்குத் தெரியாது. அக்கா அடுப்பங்கரைக்குப் போய், கழுவின பாத்திரங்களையே இன்னொரு தடவை கழுவினாள்.

நாட்கள் போயின. தங்கை பகலெல்லாம் நாற்காலியிலேயே இருந்தாள். அக்கா எதிரே மிஷினில் இருந்தாள். பழைய மாதிரியே இருந்தது, ஒரு மிஷின் சத்தம்தான் குறைவு. மூன்றாம் நாள் அக்கா நூலைக் கோர்த்துக்கொண்டே, "கத்தரிக்கு எண்ணெய் விட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

தங்கை ஆணியை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் வச்சிருக்கியா? எனக்கு அங்க ஒண்ணு வாங்கிட்டார்க்கா. மிஷினும் வாங்கிட்டார், ஜன்னல் பக்கமாப் போட்டிருக்கோம். சும்மா உட்கார்ந்திருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு." சிரித்தாள். அக்காவின் உதட்டில் குண்டூசி இருந்தது. அவள் என்னமோ சொன்னாள், அதில் பகரமும் இல்லை, மகரமும் இல்லை. தங்கைக்குக்கூடப் புரியவில்லை.

சாயங்காலங்களில் மாப்பிள்ளையின் போன் வரும். தங்கை கட்டையைத் தூங்குகிற வெட்டில் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசுவாள். அந்தச் சாய்வு சுவரில் சாக்கட்டியால் போட்ட மூன்றாவது கோடு. அது தூங்குவதற்கு என்றுதான் அக்கா நினைத்திருந்தாள்.

வந்த ஏழாம் நாள் பிற்பகல். அக்கா ஒரு சீருடைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை எழுந்து, கட்டையைத் தூக்கி முதல் வெட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பேசுகிற வெட்டு. வந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை. அக்காவின் கை நின்றது.

"அக்கா."

"ம்."

"முதுகு இப்ப எவ்வளவோ தேவலாம். எல்லாம் இந்த நாற்காலி பண்ணின வேலை." இரண்டு கைப்பிடிகளையும் தடவினாள். வலதைச் சும்மா தடவிவிட்டு, இடது கைப்பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "அவர் வர்ற ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றேங்கறார். நான் ஒண்ணு கேட்பேன், திட்டக் கூடாது. இதை நான் அங்க எடுத்துட்டுப் போகட்டுமா? இது இல்லாம இனிமே அங்க எப்படி உட்காருவேன்னே தெரியல."

அக்கா காலரை மேஜைமேல் வைத்தாள். பிரித்த நூல் துணுக்குகளை மடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டினாள். எழுந்தாள். நாற்காலியின் இடது கையில் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். தங்கை அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவு நிலைக்கு வந்ததும் அக்கா நின்றாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கழுத்திலிருந்த நாடாவை உருவி, நிலையின் ஒரு பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுபக்கம் வரை இழுத்தாள். நாற்காலியின் அகலம் அவளுக்கு மனப்பாடம், பசை போட்டதை இனிப் பிரிக்கவும் முடியாது. பார்த்தாள். கொஞ்சம் கீழே இறக்கி, இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவுக்கா இருக்கு?" என்று தங்கை கேட்டாள்.

அக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு, அடுப்பங்கரைக்குப் போனாள்.